பிள்ளைகளின் முகமும் போஸ்டர் கலரும்

கேள்வி:

ராத்தா,

சாய்ந்தமருதில் ஒரு பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு இந்த வருஷம் ஒரு நாடகம் பழக்கியிருக்கிறோம். அரசன், அரசி, ஒரு கிழவி, ஒரு சிலை, காட்டு மிருகங்கள் என்று பாத்திரங்கள் நிறைய. ஒப்பனைக்கு வெளியே ஆள் பிடிக்கக் காசில்லை. நானும் இன்னொரு டீச்சரும்தான் செய்கிறோம். போன கிழமை ஒத்திகைக்கு, மிருகமாக வரும் பிள்ளைகளுக்குப் போஸ்டர் கலரைத் தண்ணீரில் கரைத்துப் பூசினோம். கிழவியாக வரும் பிள்ளைக்கு முகத்தில் சுருக்கம் காட்டக் கம் பூசிக் காயவைத்து, அதன் மேல் வெள்ளைக் கலரை ஒற்றினோம். போத்தலில் நச்சுத்தன்மையற்றது என்று போட்டிருந்தது. அன்றிரவே அந்தப் பிள்ளையின் கன்னம் தடித்து, மறுநாள் கண்ணிமையும் வீங்கிவிட்டது. உம்மா பாடசாலைக்கு வந்து அழுதுவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

எதைப் பூசலாம், எதைப் பூசக்கூடாது? அரசனுக்குத் தாடி எதனால் ஒட்டுவது? சிலையாக நிற்கும் பிள்ளைக்கு சில்வர் பெயின்ட் அடிக்கலாமா? கண்ணுக்குச் சுருமாதான் நல்லம் என்று சில உம்மாமார் சொல்கிறார்கள். குறும்படம் எடுக்கிற பழைய மாணவர்கள் சிலர் ரப்பர் பாலில் காயம் செய்வதையும், கண்ணுக்குக் கலர் லென்ஸ் போடுவதையும் பற்றிக் கேட்கச் சொன்னார்கள். கடைசியாக ஒன்று: அந்தப் பிள்ளையின் வேஷத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். கொடுக்கட்டுமா?

பதில்:

தங்கச்சி,

முதலில் அந்தப் பிள்ளை. கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களிடம் சொன்னதை, வாசிக்கிற மற்ற ஆசிரியர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பூசியது எதுவானாலும் உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். தேய்க்கக்கூடாது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை மெல்ல வைத்து எடுக்கலாம். மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சை, பற்பசை எதையும் புண்பட்ட தோலில் போடாதீர்கள். மருந்துக்கடையில் சும்மா கேட்டு வாங்கும் ஸ்டெரொய்ட் கிரீமை முகத்தில், அதிலும் கண்ணிமையில், வைத்தியர் சொல்லாமல் போடவே கூடாது. இமை வீங்கியிருந்தால் வைத்தியரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். உதடு வீங்கினால், குரல் மாறினால், மூச்சு இழுத்தால் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமல்ல. 1990 சுவசெரிய அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. போகும்போது போஸ்டர் கலர்ப் போத்தலையும் கம் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். எதைப் பூசினீர்கள் என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

இனி அந்த நச்சுத்தன்மையற்றது என்ற வாசகம். உங்களைப் போலவே அதை நம்பிப் பூசியவர்கள் ஏராளம். படம் வரைகிற பிள்ளை விரலைச் சூப்பிக் கொஞ்சம் விழுங்கிவிட்டால் பெரிய ஆபத்தில்லை என்பதுதான் அந்த வாசகத்தின் அளவு. வியர்க்கிற முகத்தில் நாலு மணித்தியாலம் காய்ந்து கிடக்கலாம் என்று அது சொல்லவில்லை. போஸ்டர் கலரும் கம்மும் போத்தலுக்குள் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கப் பதப்பொருள்கள் சேர்க்கிறார்கள். மெத்தைல் ஐசோதயசோலினோன் என்று ஒன்று அவற்றில் அடிக்கடி வரும். தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதில் பேர்போனது. ஐரோப்பிய ஒன்றியம் கழுவாமல் தோலில் விட்டுவைக்கிற அழகுப் பொருள்களில் அதைச் சேர்ப்பதை 2017இலிருந்து தடைசெய்துவிட்டது. காகிதத்துக்கான கலரில் அது இருப்பதற்குத் தடை இல்லை, காகிதத்துக்குச் சொறியாதே. உங்கள் பிள்ளைக்குக் காரணம் அதுவா, கம்மா, வேறேதாவதா என்பதைத் தோல் வைத்தியர் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஆனால் இரண்டுமே முகத்துக்கென்று செய்தவை அல்ல. நான் யாருக்கும் முதலில் சொல்வதும், விட்டுக்கொடுக்காமல் சொல்வதும் இதுதான்: முகத்துக்கென்று செய்யாத எதையும் முகத்தில் வைக்காதீர்கள். சுவருக்கும் காகிதத்துக்கும் இரும்புக்கும் செய்தது எவ்வளவு வடிவான நிறமாக இருந்தாலும் வேண்டாம்.

முகத்துக்கென்று செய்ததிலும் கவனம் வேண்டும். 2009 மே மாதம் அமெரிக்காவில் ஒரு விநியோகஸ்தர் பிள்ளைகளின் முகப்பூச்சுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார். பூசிய இடமெல்லாம் பிள்ளைகளுக்குத் தடிப்பு, அரிப்பு, எரிவு. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் சோதித்தபோது அந்தப் பூச்சுகளில் கிருமிகள் பெருகிக் கிடந்தன. அதே வருஷம் அங்கே ஒரு நுகர்வோர் அமைப்பு பிள்ளைகளுக்கான பத்து முகப்பூச்சுகளைச் சோதித்துப் பார்க்க, பத்திலும் ஈயம் சிறிய அளவில் இருந்தது. ஆகவே ஃபேன்சிக் கடையில் வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல், செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, காலாவதித் திகதி மூன்றும் இல்லாத பொருளைத் திருப்பி வைத்துவிடுங்கள். மூடி திறந்த டப்பியின் சிறிய படத்துக்குள் 6 அல்லது 12 என்ற எண் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது அது. நம் கரையோரச் சூட்டிலும் ஈரத்திலும், மேசை லாச்சிக்குள் கிடக்கிற பொருள் அந்தக் காலத்துக்கு முன்பே கெட்டுப்போகும். மணம் மாறினால், எண்ணெய் பிரிந்து நின்றால் எறியுங்கள்.

நடிப்பவர்கள் தங்கள் உடம்பால் இதற்கு விலை கொடுத்த கதை பழையது. கிழக்கின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளிலும் தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலும் வண்ணத் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவது வழக்கம். வெள்ளைக்கு முத்துவெள்ளை, அது துத்தநாக ஆக்சைடாக இருந்தால் தொல்லை குறைவு, ஈயவெள்ளையாக இருந்தால் நஞ்சு. சிவப்புச் செந்தூரத்தில் ஈயம். சாதிலிங்கத்தில் பாதரசம். மஞ்சளுக்குப் பூசிய அரிதாரம் ஆர்சனிக் சல்பைட். கேரளத்துக் கதகளியின் மனயோலையும் அந்தக் குடும்பம்தான். விடியவிடிய ஆடி, வியர்வையோடு அது வாய்க்குள்ளும் கண்ணுக்குள்ளும் போய், அப்படியே அடுத்த ஊருக்கு நடந்தவர்கள் எத்தனை பேரோ. அவர்களுக்கு என்ன வருத்தம் வந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

ஜப்பானில் எழுதிவைத்திருக்கிறார்கள். 1887இல் மெய்ஜி பேரரசர் பார்க்கக் கபுகி நாடகம் நடந்தது. அதில் நடித்த நாலாம் நகமுரா ஃபுகுசுகே மேடையிலேயே நடுக்கம் கண்டார். காலமெல்லாம் முகத்திலும் கழுத்திலும் பூசிய ஈயவெள்ளை உடம்பில் ஏறியிருந்தது. பேரரசரின் முன்னால் நடந்ததால்தான் நாடு முழுக்கப் பேச்சாகி, ஈயமில்லாத வெள்ளையைத் தேடத் தொடங்கினார்கள். அப்படியிருந்தும் ஈயவெள்ளைப் பூச்சைச் செய்வதை அந்நாடு தடுக்க 1930கள் வரை ஆனது. ஜெர்மனியில் லூட்விக் லைக்னர் என்ற ஓபரா பாடகர் 1873இலேயே ஈயமில்லாத மேடைப் பூச்சைச் செய்து விற்க ஆரம்பித்திருந்தார். தன் முகத்திலும் பூச வேண்டியிருந்த ஒருவர் செய்த வேலை அது.

சில்வர் பெயின்ட் பற்றிக் கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். கடையில் கிடைக்கிற சில்வர் பெயின்ட் இரும்புக் கேற்றுக்கானது. அலுமினியத் தூளும் கரைப்பானும் சேர்ந்தது. அதைக் கழற்ற மண்ணெண்ணெயோ தின்னரோ வேண்டும். பூசும்போது ஒரு கேடு, கழற்றும்போது இன்னொரு கேடு. இந்திய நகரங்களில் காந்தியடிகள் போல வெள்ளி பூசி அசையாமல் நிற்கும் ஏழைப் பிள்ளைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கவே முடிவதில்லை.

தூளாகவும் போடாதீர்கள். 1938இல் ஹொலிவூட்டில் ‘விசர்ட் ஒஃப் ஒஸ்’ படத்தில் தகர மனிதனாக நடிக்க வந்தவர் படி எப்சன். முகத்தில் வெள்ளைப் பூச்சுப் பூசி அதன் மேல் அலுமினியத் தூளைத் தூவினார்கள். சில நாட்களில் அவருக்கு மூச்சு முட்டி, வைத்தியசாலையில் படுக்க வேண்டியதாயிற்று. நுரையீரலுக்குள் போன தூள்தான் காரணம். வேஷம் ஜாக் ஹேலிக்குப் போனது. அவருக்குத் தூளைப் பசையாகக் குழைத்துப் பூசினார்கள். நுரையீரல் தப்பியது, ஆனால் கண்ணில் தொற்று வந்தது. அதே படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டனுக்கு முகத்திலும் கையிலும் செம்பு கலந்த பச்சைப் பூச்சு. 1938 டிசம்பரில் மேடை நெருப்பு அவர் மேல் பட்டு முகமும் கையும் வெந்தன. வெந்த தோலில் அந்தப் பூச்சை விட்டுவைக்க முடியாது என்று, எரிச்சலூட்டும் திரவத்தால் உடனே துடைத்தெடுத்தார்கள். அந்த வேதனையை நினைத்துப் பாருங்கள். பூசுவதற்கு முன்பே, அவசரத்தில் இதை எதனால் கழற்றுவது என்று தெரிந்திருக்க வேண்டும். தண்ணீராலோ தேங்காயெண்ணெயாலோ கழற்ற முடியாத எதுவும் பிள்ளைகளுக்கு ஆகாது.

உங்கள் சிலைக்குச் சாம்பல் நிற உடுப்பும் கையுறையும் போட்டு, முகத்தில் மட்டும் தண்ணீரில் கரையும் முகப்பூச்சில் வெள்ளையும் கறுப்பும் கலந்து மெல்லிய சாம்பலாக ஒற்றுங்கள். கல்லும் சாம்பல்தான். உடம்பு முழுக்கப் பூசினால் தோல் மூச்சுவிட முடியாமல் ஆள் செத்துவிடும் என்று 1964இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்திலிருந்து ஒரு கதை உலவுகிறது. நாம் மூச்சுவிடுவது மூக்காலும் வாயாலும். அந்தக் கதை பிழை. ஆனால் வியர்வை வெளியேறாமல் உடம்பு கொதிப்பது உண்மை. மே, ஜூன் வெயிலில், மின்விசிறி இல்லாத மண்டபத்தில் பிள்ளை மயங்கி விழ அதுவே போதும்.

தாடிக்கு வருவோம். மேடைத் தாடி ஒட்டுகிற ஸ்பிரிட் கம் என்பது மரப்பிசினை மதுசாரத்தில் கரைத்தது. மதுசாரம் தோலை எரிக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். மரப்பிசின் பலருக்கு ஒவ்வாது. பெரியவர்கள், சோதித்துப் பார்த்த பிறகு, காற்றோட்டமான இடத்தில் பாவிக்கலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அது எதற்கு? வலைத்துணியில் கம்பளி நூலைத் தைத்து, இரண்டு காதிலும் மாட்டுகிற இலாஸ்டிக் வைத்தால் பசையே தேவையில்லை. இளம் அரசனானால் துளையுள்ள ஸ்பான்ஞ்சில் மண்ணிறப் பூச்சைத் தொட்டுத் தாடையில் ஒற்றுங்கள். பத்தாவது வரிசையிலிருந்து பார்க்கிறவருக்கு அது குறுந்தாடி. சுப்பர் குளூவை ஒப்பனை அறைக்குள்ளேயே விடாதீர்கள். தவறி இமை ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை வைத்தபடி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பவுடரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தலை நரைக்க டல்கம் பவுடரைக் கொட்டித் தட்டுவார்கள். அறை முழுக்கப் புகை. உங்கள் பிள்ளைகளில் இழுப்பு உள்ளவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? வெள்ளை முகப்பூச்சைப் பழைய பற்தூரிகையில் தொட்டு முடியின் மேலாக இழுங்கள். இன்னும் நல்லது, கிழவியின் தலையை முக்காட்டால் மூடிவிடுவது. முகத்துக்குப் பவுடர் போடும்போது தூவாமல் பஞ்சில் எடுத்து அழுத்துங்கள். பிள்ளை கண்ணையும் வாயையும் மூடி மூச்சைப் பிடித்துக்கொள்ளட்டும். ஒப்பனை கலையாமலிருக்க முடிக்கு அடிக்கிற ஸ்பிரேயை முகத்தில் அடிப்பதும் வேண்டாம். அரசியின் கன்னத்துக்கு வாழ்த்து அட்டைக்குப் போடுகிற ஜிகினாத் தூளும் வேண்டாம். வெட்டுக்கூர் உள்ள அந்தத் துணுக்கு ஒன்று கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறும்.

சுருமா விஷயத்தைக் கவனமாகச் சொல்கிறேன். கண்ணுக்கு இஸ்மித் என்ற சுருமா இடுவது நம் மார்க்கத்தில் மதிப்புள்ள பழக்கம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சுருமா என்ற பெயரில் விற்கிற கல்லும் தூளும் பெரும்பாலும் கலீனா என்ற ஈயத் தாது. பல நாடுகளில் சோதித்து இதைக் கண்டிருக்கிறார்கள். கண்ணில் இட்டது கண்ணீரோடு மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கும். கண்ணைக் கசக்கிய விரல் வாய்க்குப் போகும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது, அதற்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு எல்லை இல்லை. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போனவர்கள் அன்போடு கொண்டுவந்து தருவதானாலும், உள்ளே என்ன என்று எழுதாத சுருமாவைப் பிள்ளைகளின் கண்ணில் இட வேண்டாமென்று அந்த உம்மாமாருக்கு மரியாதையோடு விளங்கப்படுத்துங்கள். மேடைக்குக் கண் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால், பட்டியல் உள்ள கண் பென்சிலால் இமை முடிக்கு வெளியே கோடு இழுங்கள். உள்விளிம்பில் வேண்டாம்.

கறுப்பு மருதாணியையும் இங்கே சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்களில் பெருநாளும் கல்யாணமும் நாடகமும் ஒரே அழகுப் பெட்டியிலிருந்துதான் நடக்கின்றன. இலையை அரைத்த மருதாணி செம்மண்ணிறமாகத்தான் பிடிக்கும், பல மணித்தியாலம் எடுக்கும். அரை மணித்தியாலத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கிற கோனில் பெரும்பாலும் முடிச்சாயத்தில் போடுகிற பாரா-பீனைலீன்டையமின் இருக்கும். சிலருக்கு வரைந்த கோலம் அப்படியே கொப்புளமாக எழும்பித் தழும்பாகும். ஒருமுறை அப்படி ஆனவருக்கு ஆயுள் முழுக்க அந்த ஒவ்வாமை நிற்கும். பிறகு நரைக்குச் சாயம் போட்டாலும் முகம் வீங்கும். மேடையில் பச்சை குத்தியதுபோல் காட்ட இதைப் பாவிக்கிறார்கள். கண் பென்சிலே போதும்.

குறும்படம் எடுக்கிற தம்பிமாருக்கு. ரப்பர் பால் கெட்டியாகாமல் இருக்க அமோனியா சேர்த்திருக்கும். போத்தலைத் திறந்ததும் கண் எரிவது அதனால்தான். கண்ணருகே பூசாதீர்கள், புருவத்திலோ முடியிலோ பட்டால் முடியோடுதான் வரும். வஸ்லினால் மூடிவிட்டுப் பூசுங்கள். முதலில் நடிகரிடம் கேட்க வேண்டியது: பலூன் ஊதினால் உதடு அரிக்குமா? ரப்பர் கையுறை போட்டால் கை தடிக்குமா? வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ சாப்பிட்டால் வாய் நமைக்குமா? ஒன்றுக்காவது ஆம் என்றால் ரப்பர் பால் கிட்டவே வரக்கூடாது. அந்த ஒவ்வாமை தோலோடு நிற்காது, மூச்சையே அடைக்கலாம். வஸ்லினும் கிழித்த டிஷ்யூவும் மண்ணிறப் பூச்சும் கொண்டே கெமராவுக்குப் போதுமான காயம் செய்யலாம். வாயில் வழிகிற இரத்தத்துக்குச் சீனிப்பாகும் உணவு நிறமும் மட்டும். சில சிவப்பு நிறங்கள் பூச்சியிலிருந்து எடுப்பவை. 120 என்ற இலக்கம் போட்டிருந்தால் அதுதான், உங்கள் மனதுக்குப் பட்டபடி தெரிவு செய்யுங்கள்.

முகத்தில் அச்செடுக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸைக் கரைக்க நினைத்தால், தம்பிமாரே, நிறுத்துங்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும்; மொத்தமாக இருந்தால் 60 பாகை வரை போகும். இறுகிய பிறகு கையை எடுக்கவும் முடியாது. 2007இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு பாடசாலையில், கலைப் பாடத்துக்காகப் பதினாறு வயது மாணவி பிளாஸ்டர் வாளிக்குள் கைகளை வைத்தாள். விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். நீதிமன்றம் அந்தப் பாடசாலைக்குத் தண்டம் விதித்தது. ‘அவ்வை சண்முகி’யில் கமல்ஹாசனை மாமியாக்கிய மைக்கேல் வெஸ்ட்மோர் போன்றவர்கள் பரம்பரையாக இதைப் படித்தவர்கள். முகத்தில் நேரடியாகப் படுவது அச்சுக்கென்றே செய்த அல்ஜினேட் போன்ற குளிர்ந்த பொருள். மூச்சுக்கு வழி விட்டு, பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீடியோவில் அந்த ஆள் தெரிவதில்லை.

கலர் லென்ஸ் கண் வைத்தியர் அளந்து கொடுத்தால் மட்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக்கூடாது. கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ கழுவக்கூடாது. அந்த நீரில் வாழ்கிற அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தின்று பார்வையையே எடுத்துவிடும். பூச்சோ பசையோ கண்ணுக்குள் போனால் ஓடுகிற சுத்தமான தண்ணீரில் குறைந்தது பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே வைத்தியசாலை. பன்னீரும் தாய்ப்பாலும் விடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது, விடாதீர்கள்.

உங்கள் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்? பெரிய செலவில்லை. தண்ணீரில் கரையும் முகப்பூச்சில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், மண்ணிறம். இவற்றைக் கலந்தால் எல்லா மிருகமும் வரும். இரண்டு கண் பென்சில், வஸ்லின், தேங்காயெண்ணெய், பஞ்சு, வாசனையில்லாத சவர்க்காரம், சேர்ஜிக்கல் ஸ்பிரிட். மிருகங்களுக்கு முழு முகமும் பூசாமல் நெற்றியில் காதுப்பட்டி கட்டி மூக்கிலும் கன்னத்திலும் மட்டும் வரையுங்கள். மிருகத்தைப் பிள்ளையின் முதுகும் நடையும் காட்டும்.

வாங்கியதும், ஒவ்வொரு பிள்ளையின் முழங்கையின் உள்மடிப்பிலும் சிறிது பூசி இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும். இப்படியான ஒவ்வாமை பெரும்பாலும் உடனே வராது. இரண்டாம் மூன்றாம் நாள்தான் எழும்பும். அதனால் போட்டிக்கு முதல் நாள் சோதிப்பது சோதனையே அல்ல. ஒரு கிழமைக்கு முன் செய்யுங்கள். முகத்தில் புண், செங்கண், உதட்டில் கொப்புளம் உள்ள பிள்ளைக்கு அன்று ஒப்பனை இல்லை. ஒரே பஞ்சால் வரிசையாக எல்லாருக்கும் பூசுகிற பழக்கத்தை விடுங்கள், ஒரு செங்கண் முழு வகுப்புக்கும் போக அதுவே வழி. பூச்சைச் சுத்தமான கரண்டிக் காம்பால் தட்டில் எடுத்து, ஆளுக்கொரு பஞ்சால் பூசுங்கள். தட்டில் மிஞ்சியதை டப்பிக்குள் திருப்பிப் போடாதீர்கள். பென்சிலை ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகச் சீவுங்கள். தூரிகையைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கழுவிக் காயவையுங்கள். மஸ்காராவைப் பொதுவில் வைக்கவே வேண்டாம்.

போட்டி நாளில் நான் காண்கிற பெரிய பிழை நேரம்தான். காலை ஏழு மணிக்கே எல்லாரையும் பூசி முடித்துவிடுவார்கள். முறை வரும்போது பகல் இரண்டு மணி. அதுவரை பூச்சு வியர்வையில் ஊறிக் கிடக்கும். உங்கள் நாடகத்துக்கு முன் இன்னும் மூன்று நாடகம் இருக்கும்போது தொடங்குங்கள். மேடையிலிருந்து இறங்கியதும் தேங்காயெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து, சவர்க்காரத்தால் கழுவி, ஆளுக்கொரு துவாயில் ஒற்றட்டும். ளுஹருக்கோ அஸருக்கோ வுழூச் செய்ய முகத்தில் தண்ணீர் படத்தானே வேண்டும். பிள்ளைகளிடம் அதைச் சொன்னால் ஒப்பனையோடு படம் எடுக்க நின்றுகொண்டிருக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அரசி என்றால் பிள்ளையை மூன்று படி வெளுப்பாக்கிவிடுகிறோம். அதற்காகத்தான் இவ்வளவு தடிப்பாகப் பூசுகிறோம். போட்டிக்கு முன் முகம் வெளுக்கட்டும் என்று சில வீடுகளில் கிரீமும் பூசுகிறார்கள். பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசம் அகப்பட்டிருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிள்ளையின் தோல் நிறத்திலேயே பூச்சை எடுத்து, கண்ணையும் உதட்டையும் மட்டும் அழுத்தமாக்குங்கள். கறுத்த அரசியும் அரசிதான், அதை அந்தப் பிள்ளை மேடையில் நின்று உணரட்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. வேஷத்தை மாற்றாதீர்கள். அந்தப் பிள்ளை எந்தப் பிழையும் செய்யவில்லை. அதைப் பறித்தால் வீங்கிய முகத்தை விட அது நெடுநாள் வலிக்கும். தோல் முழுதாக ஆறி, வைத்தியர் சரியென்றாலும் இந்த முறை முகத்தில் ஒன்றும் பூசாமல் நடிக்க வையுங்கள். வெள்ளை முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிடுங்கள். ஒரு தடி, கூன் விழுந்த தோள், நிறுத்தி நிறுத்தி வருகிற மூச்சு, பல் இல்லாத வாய்ப் பேச்சு. அவளுடைய உம்மம்மா எப்படிப் பாயிலிருந்து எழும்புகிறார் என்று வீட்டில் பார்த்துவரச் சொல்லுங்கள். உம்மாவிடம் நீங்களே போய், அவளுக்கு ஒன்றும் பூசப்போவதில்லை என்று சொல்லி, ஒத்திகைக்கு அவரையும் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்துங்கள்.